தாங்கவும் வேண்டாம், தலைமுழுகவும் வேண்டாம்

காலை நாலரை மணிக்கு மண்டியிலிருந்து போன் வரும். பாலக்கோடு பக்கம் தக்காளி ஏற்றுகிறவர்களுக்குத் தெரியும், விடிவதற்குள் வண்டி வந்து நிற்க வேண்டும், பெங்களூருக்குப் போகிற லோடு யாருக்காகவும் காத்திருக்காது. என் அண்ணன் ஓட்டுவது சின்ன யானை வண்டி. ஆனால் போனை எடுப்பது அம்மா. "ராத்திரியிலிருந்து அவனுக்குக் காய்ச்சலுங்க, எழுந்திருக்கவே முடியலை, இன்னைக்கு ஒரு நாள் வேற வண்டி பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. அண்ணன் திண்ணையில் ஒரு கால் செருப்போடு கிடப்பார். இன்னொரு செருப்பு எங்கே விழுந்தது என்று அம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டு ரோடு வரைக்கும் போய்த் தேடி எடுத்து வருவார், பொழுது விடிந்தால் ஊர்க்கண்ணில் பட்டுவிடுமே என்று.

அந்தப் பொய்யை ஏழெட்டு வருடம் சொன்னோம். அம்மா மட்டும் இல்லை, அண்ணியும் சொன்னார், கிருஷ்ணகிரியில் வாக்கப்பட்ட நான் இங்கிருந்தே போன் போட்டும் சொல்லியிருக்கிறேன். பொய் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை, பாசம் என்றுதான் நினைத்தோம். குடிக்கு அடிமையான ஒருவரோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்கு 'விலகி நிற்பது' என்று ஒரு வழி இருக்கிறது என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. இதைப் பற்றி முதல்முறையாகக் கேள்விப்படுகிறவர்களுக்காக, எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் குடிக்கிற பிள்ளைக்கு இரண்டு வழிதான் வைத்திருக்கிறோம். ஒன்று, தாங்குவது. கடனை அடைப்பது, பொய் சொல்வது, விழுந்த இடத்திலிருந்து தூக்கி வருவது, வாந்தியைக் கழுவுவது, காலையில் சட்டை துவைத்துக் கொடுத்து வேலைக்கு அனுப்புவது. இன்னொன்று, தலைமுழுகுவது. "அவனுக்குத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு, எனக்குப் பிள்ளையே இல்லை" என்று சொல்லிவிடுவது. பல வீடுகளில் இரண்டும் மாறி மாறி நடக்கும். திங்கட்கிழமை தலைமுழுகிவிட்டு வியாழக்கிழமை மறுபடி கடன்காரனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்போம். விலகி நிற்பது இந்த இரண்டிலும் சேராது. ஆளின் மேல் இருக்கிற அன்பை அப்படியே வைத்துக்கொண்டு, அவர் குடித்ததால் வருகிற சுமையை மட்டும் அவரிடமே விட்டுவிடுவது. அவர் எங்கள் பிள்ளைதான், எங்கள் அண்ணன்தான். மண்டிக்குப் பதில் சொல்ல வேண்டியது மட்டும் அவர்.

இதைச் செய்ய, முதலில் குடி நோய் என்றால் என்ன என்று தெரிய வேண்டும். எங்களுக்கு அதுதான் தெரியவில்லை. அண்ணன் கார்த்திகையில் மாலை போடுவார். முதல் இரண்டு வருடம் 48 நாளும் சுத்தமாக இருந்தார். மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே கடைக்குப் போய்விடுவார். "நினைச்சா நிறுத்த முடியுது இல்ல, அப்ப வேணும்னேதான் குடிக்கிறான்" என்று வீட்டில் எல்லாரும் சொன்னோம், அது அப்படி இல்லை. கொஞ்ச நாள் நிறுத்துவது வேறு, நிறுத்தியபடியே இருப்பது வேறு. வருடக்கணக்கில் குடித்த மூளை அதற்கேற்ப மாறிப் போயிருக்கும், பிறகு ஆசைக்காகக் குடிப்பது போய், இல்லாவிட்டால் இருக்க முடியாமல் குடிப்பது என்று ஆகிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இது நோயாகவே இருக்கிறது. குடும்ப வழியாக வருகிற பங்கும் ஏறத்தாழ பாதி என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்று இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிற ஒவ்வொரு அம்மாவிடமும் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

மூன்றாவது வருடம் மாலை போட்ட இரண்டாம் நாள் ராத்திரி அண்ணனுக்கு வலிப்பு வந்தது. அதற்கு முன்பே கையெல்லாம் நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார். சாமி குத்தம் என்றார் ஒருவர், காத்து கருப்பு என்றார் இன்னொருவர். உண்மையில் அது தினமும் நிறையக் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தியதால் வருவது. கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும், முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் ஆள் அடையாளம் தெரியாத அளவுக்குப் புத்தி குழம்பலாம். உயிரே போகக்கூடிய நிலை அது. ஆஸ்பத்திரியில் வைத்துத் தூக்க மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்துத்தான் மெதுவாக இறக்க வேண்டும். அதனால் யாரையும் அறையில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்தப் பார்க்காதீர்கள், தயவுசெய்து. 108-க்குப் போன் போடுங்கள்.

அந்த வார்டில் ஒரு நர்ஸ் அக்காதான் அம்மாவிடம் முதன்முதலில் கேட்டார்: "அவரு குடிக்கிறதுக்காக நீங்க தினமும் என்னென்ன வேலை செய்யறீங்க, சொல்லுங்கம்மா." அம்மா சொல்லச் சொல்ல அது ஒரு நீளமான பட்டியலாகப் போனது. மகளிர் குழுவில் வாங்கிய கடன், அடகில் இருக்கிற தோடு, ராத்திரி பதினோரு மணி வரை அவருக்காகக் காத்திருந்து கேழ்வரகுக் களியை மறுபடி மறுபடி சூடு பண்ணுவது, சட்டைப் பை தடவுவது, அரிசி டிரம்முக்குள் ஒளித்த குவாட்டரைக் கண்டுபிடித்துக் கொட்டுவது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அக்கா சொன்னார், "இதுல ஒண்ணாவது அவர் குடிக்கிறதைக் குறைச்சுதா?" அம்மாவிடம் பதில் இல்லை.

இந்தக் கேள்வி புதிது இல்லை. அமெரிக்காவில் பில் வில்சன் என்பவர் 1935-இல் இன்னொரு குடிநோயாளியான டாக்டர் பாப்போடு சேர்ந்து 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார், குடியை விட நினைப்பவர்கள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்துக்கொள்ளும் கூட்டம். அவர் மனைவி லோயிஸ், கணவர் குடியை விட்ட பிறகு ஒரு நாள், கூட்டத்துக்கு நேரமாகிறது கிளம்பு என்று அவர் சொன்னதும், ஆத்திரத்தில் ஷூவை எடுத்து வீசியெறிந்திருக்கிறார். அவர் குடிக்கவே இல்லையே, பிறகு எதற்கு எனக்கு இவ்வளவு கோபம் என்று யோசித்தபோதுதான், இத்தனை வருடம் தன் வாழ்க்கை முழுக்க அவர் குடியைச் சுற்றியே ஓடியிருக்கிறது, தான் பாடுபட்டும் முடியாததை வேறு யாரோ முடித்துவிட்டார்கள் என்ற ஆற்றாமை அது என்று அவருக்குப் புரிந்தது. 1951-இல் அவரும் ஆன் என்ற இன்னொரு பெண்ணும் சேர்ந்து குடும்பத்தாருக்கென்றே 'அல்-அனான்' கூட்டங்களை ஒன்றுசேர்த்தார்கள். அங்கே எல்லாருக்கும் முதலில் சொல்லித் தருவது மூன்று விஷயம்: இந்த நோயை நான் உண்டாக்கவில்லை, என்னால் அடக்கவும் முடியாது, குணமாக்கவும் முடியாது. நம் சென்னையிலேயே சாந்தி ரங்கநாதன், குடிநோயால் கணவரை இழந்த பிறகு 1980-இல் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே நோயாளிக்கு மட்டும் இல்லாமல் வீட்டில் இருப்பவர்களுக்கும் தனியாகச் சிகிச்சை உண்டு. குடிக்கிறவர் ஒருவர், நோயில் விழுவது மொத்தக் குடும்பம்.

சரி, நடைமுறையில் விலகி நிற்பது எப்படி? எங்கள் வீட்டில் போனில்தான் ஆரம்பித்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில மாதம் நன்றாக இருந்தவர் மறுபடி குடித்தார். நாலரைக்குப் போன் அடித்தது. அம்மா எடுத்து, ஒன்றும் பேசாமல் அதை அண்ணன் மார்பின் மேல் வைத்துவிட்டு வாசல் தெளிக்கப் போய்விட்டார். கை நடுங்க வாளியைத் தூக்கியதாக என்னிடம் சொன்னார். அன்றைக்கு அண்ணன் தானே அந்தக் காய்ச்சல் பொய்யைச் சொன்னார். அடுத்த முறை மண்டிக்காரர் அதை நம்பவில்லை, நாலு நாள் லோடு கொடுக்கவில்லை. அந்த நாலு நாளும் வீட்டில் சண்டை, அண்ணிக்குக் கையில் காசில்லை, அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதவில்லை என்று ஆகிவிடும். விலகி நிற்பது ஆரம்பத்தில் எல்லாருக்கும் வலிக்கும், முதலில் நமக்கே வலிக்கும். ஆனால் அண்ணன் குடியின் கணக்கை அண்ணனே பார்த்தது அந்த நாலு நாளில்தான்.

களியும் அப்படித்தான் மாறியது. அம்மா எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிடுவார். அண்ணனின் களியை உருட்டிக் குழம்போடு தட்டில் வைத்து, இன்னொரு தட்டால் மூடிவிட்டுப் படுத்துவிடுவார். களி ஆறினால் இறுகிப்போகும், தெரியும். இருந்தாலும் மறுபடி சூடு பண்ண எழுந்திருக்க மாட்டார். சோறு வைப்பதை நிறுத்தவில்லை பாருங்கள், அதைத்தான் நான் அன்பு என்கிறேன். காத்திருப்பதை மட்டும் நிறுத்தினார். ஏழெட்டு வருடத்துக்குப் பிறகு அந்த வாரம்தான் ஒழுங்காகத் தூங்கினேன் என்றார்.

பாட்டிலைத் தேடிக் கொட்டுவதை விட்டோம், பணம் கொடுப்பதை விட்டோம், அவர் வாங்கிய கைமாற்றுக்கு நாங்கள் பொறுப்பு இல்லை என்று இரண்டு பேரிடம் நேரிலேயே சொன்னோம். குடித்திருக்கும்போது பேசுவதையும் விட்டோம், அந்த நேரத்தில் என்ன சொன்னாலும் காலையில் அவருக்கு நினைவிருக்காது, நமக்குத்தான் தொண்டை கட்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம் என்று ஒரு பொடியை யாரோ சொல்லி நாங்களும் வாங்கினோம். அண்ணி குழம்பில் போடக் கை வைத்தவர், மனசு கேட்காமல் அப்படியே அடுப்பில் கொட்டிவிட்டார். அவர் செய்ததுதான் சரி. டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை உண்டு, அதைச் சாப்பிட்டிருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, ரத்த அழுத்தம் இறங்கி ஆளே போய்விடலாம். டாக்டர் பார்வையில், குடிப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு மட்டும் கொடுக்க வேண்டியது. பெயர் தெரியாத பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்?

ஆனால் வண்டிச் சாவி விஷயம் வேறு. பாட்டிலை ஒளிக்க மாட்டோம், சாவியை ஒளிப்போம். குடித்துவிட்டு ராயக்கோட்டை ரோட்டில் வண்டியை எடுத்தால் போவது அவர் உயிர் மட்டும் இல்லை, எதிரே வருகிறவரின் உயிரும்தான். விலகி நிற்பது என்றால் கண்ணை மூடிக்கொள்வது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே மாதிரி அடி. கை ஓங்குகிறவரிடம் விலகி நிற்பது என்றால் வீட்டுக்குள் ஓர் ஓரமாக நிற்பது இல்லை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போவதுதான். 181 பெண்களுக்கான உதவி எண். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, அந்த வீட்டில் தங்கியிருக்கவும் பாதுகாப்பு ஆணை கேட்கவும் மனைவிக்கு உரிமை இருக்கிறது, வீடு யார் பெயரில் இருந்தாலும். செத்துப்போகிறேன் என்று அவர் சொன்னால் அது குடிப்பேச்சு என்று தள்ளிவிடாமல் உதவி எண்களான 104-க்கோ 14416-க்கோ உடனே பேசுங்கள்.

கடையை மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எங்கள் ஊரில் பேசாத ஆள் இல்லை. 1937-இல் ராஜாஜி அரசு சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான், அப்போது தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அந்த மாவட்டத்துக்குள்ளேதான் இருந்தன. இப்போது 2003-இலிருந்து சில்லறை மதுக்கடையை அரசே நடத்துகிறது. கடை குறைய வேண்டும் என்பதுதான் என் விருப்பமும், அதற்காகப் போராடுகிற பெண்களை மதிக்கிறேன். ஆனால் அது நடக்கும் வரை அம்மாவால் காத்திருக்க முடியாது, அவருக்கு இன்றைக்கு ராத்திரி தூங்க வேண்டும்.

விலகி நின்றால் அவர் திருந்திவிடுவாரா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். திருத்துவதற்காக விலகி நிற்பதில்லை. அப்படி நினைத்துச் செய்தால் அதுவும் பாட்டிலைக் கொட்டுவது மாதிரி இன்னொரு தந்திரமாகிவிடும். அமெரிக்காவில் 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் குடிக்கிறவர்களின் குடும்பத்தாரை மூன்று விதமாகப் பழக்கினார்கள். அல்-அனான் வழியில் தன்னைப் பார்த்துக்கொள்ளக் கற்ற குடும்பங்களில் 13 சதவீதம் பேரின் ஆள்தான் சிகிச்சைக்கு வந்தார். எல்லாரும் கூடி உட்கார்ந்து முகத்துக்கு நேராகச் சொல்கிற முறையில் 30 சதவீதம். மூன்றாவது, ராபர்ட் மேயர்ஸ் என்ற உளவியலாளர் உருவாக்கிய 'கிராஃப்ட்' முறை. அதில் 64 சதவீதம். அந்த முறையில் என்ன செய்கிறார்கள் என்றால், குடித்தால் வருகிற கஷ்டத்தை அவரே அனுபவிக்க விடுகிறார்கள், அதோடு குடிக்காத நேரத்தை நல்ல நேரமாக்குகிறார்கள். கூட உட்கார்ந்து சாப்பிடுவது, இன்றைக்கு நீ இப்படி இருக்கிறது எவ்வளவு நல்லாருக்கு என்று வாய்விட்டுச் சொல்வது, மனசு இளகியிருக்கிற நேரம் பார்த்து ஆஸ்பத்திரிப் பேச்சை எடுப்பது. எங்கள் வீடுகளில் இது தலைகீழ். குடித்துவிட்டு வந்தால் எல்லாரும் அவரைச் சுற்றி நிற்போம், குடிக்காத நாளில் பழைய கதையை எடுத்துக் குத்துவோம். என்னைக் கேட்டால், விலகி நிற்பதில் பாதி வேலை இதுதான்: குடித்த நாளில் தள்ளி இருப்பது, குடிக்காத நாளில் கிட்டே வருவது.

அவர் சரி என்று சொல்கிற நாளில் எங்கே போவது என்று முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த மனசு ரெண்டு நாள் நிற்காது. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கே மனநலப் பிரிவில் கேளுங்கள். 14446 போதை மீட்புக்கான இலவச எண், குடும்பத்தாரும் பேசலாம். சிகிச்சை முடித்தவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் மறுபடி தொடுகிறார்கள் என்கிறார்கள், ரத்தக் கொதிப்புக்காரர் மாத்திரையை விட்டு மறுபடி வந்து நிற்கிற மாதிரிதான் அது. மறுபடி குடித்தார் என்பதற்காகச் சிகிச்சையே வீண் என்று முடிவுகட்ட வேண்டாம்.

இனி மன்னிப்பு. எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. என் கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருந்த ஒரு ஜோடி வளையலை அண்ணன் அடகு வைத்து மூழ்கடித்தார். அதைவிட, தாலி கட்டுகிற நேரத்தில் அவர் மண்டபத்துக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. மன்னித்துவிடு என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், ஏனென்றால் அவர்கள் மன்னிப்பு என்று சொன்னது, நடந்ததை நடக்காத மாதிரி வைத்துக்கொள் என்பதைத்தான். நடந்தது நடந்ததுதான், தப்பு தப்புதான். மன்னிப்பது என்றால், அதற்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று மனசுக்குள் தினமும் பஞ்சாயத்து கூட்டுவதை நிறுத்துவது. நம்புவது வேறு. நம்பிக்கை அவர் நடந்துகொள்கிற விதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வர வேண்டியது, அதற்கு வருடக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம். நான் அண்ணனை மன்னித்துவிட்டேன். என் ஏடிஎம் கார்டை அவர் கையில் தர மாட்டேன். இரண்டும் உண்மை.

ஒரே நாளில் வந்ததும் இல்லை. வலிப்பு வந்த ராத்திரி அவர் கையைப் பிடித்திருந்தபோது பாதி வந்தது, போன பொங்கலுக்கு அண்ணியைத் திட்டியபோது அதுவும் போய்விட்டது, பிறகு மறுபடி வந்தது. அண்ணிக்கு இன்னும் வரவில்லை, வர வேண்டும் என்று நாங்கள் யாரும் அவரிடம் கேட்பதும் இல்லை. அடிபட்டவர்தான் எப்போது, எவ்வளவு என்று முடிவு பண்ண வேண்டும். அண்ணன் மகள் ஆறாவது படிக்கிறாள், அவளிடம் மட்டும் அண்ணி தெளிவாகச் சொல்லிவிட்டார்: "அப்பாவுக்கு ஒரு நோய், உன்னாலயும் வரலை, என்னாலயும் வரலை கண்ணு." எல்லாக் குழந்தைக்கும் இதை யாராவது ஒரு பெரியவர் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம்மால்தான் அப்பா குடிக்கிறார் என்று குழந்தைகள் தாங்களாகவே நினைத்துக்கொள்கிறார்கள்.

மாங்காய் சீசனில் அண்ணன் கிருஷ்ணகிரிக்கு என் வீட்டுக்கு வந்தார், குடிக்காமல்தான் வந்தார். ஒரு பை நிறையச் செந்தூரா. காப்பி குடித்துவிட்டு, வண்டிக்கு டயர் மாற்ற ரெண்டாயிரம் வேண்டும் என்றார். "பணம் தர மாட்டேன்ணா, டயர் கடைக்கு வேணா நான் கூட வரேன்" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "நீயும் இப்படி ஆயிட்டியா" என்று எழுந்தார். "சாப்பிட்டுட்டுப் போண்ணா, குழம்பு ஆயிடுச்சு" என்றேன், நிற்கவில்லை. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை, கொடுத்திருக்கலாமோ என்று நாலு தடவை போனை எடுத்து வைத்தேன். மாங்காயை வைக்கோலில் மூடி வைத்தேன். ஐந்தாறு நாள் கழித்து ராத்திரி போன் பண்ணி, பழம் பழுத்துவிட்டதா, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டார். ரெண்டு அழுகிடுச்சு, மிச்சமெல்லாம் நல்ல இனிப்பு என்றேன். பணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.